சமணர் மலைக்கு விடியலிலேயே போய்விடுங்கள்

மதுரைக்கு வரும் உறவினர்கள் மீனாட்சி அம்மன் கோயிலையும் மகாலையும் பார்த்து முடித்துவிட்டு ‘அடுத்து எங்கே?’ என்றால், நான் கீழக்குயில்குடிக்கு வண்டியை எடுத்துவிடுவேன். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை போய் இடப்பக்கம் திரும்பினால் சமணர் மலை. ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஒன்பது மணிக்குப் பாறையில் கால் வைத்துப் பார்த்தால் புரியும்.

முதலில் செட்டிப்புடவு. குகை வாசலில் முக்குடையின் (மூன்றடுக்குக் குடை) கீழ் அமர்ந்திருப்பவர் தீர்த்தங்கரர், சமணர்கள் வணங்கும் குரு. காது நீண்டு தொங்குவதால் ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். அதோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே குனிந்து போய் அண்ணாந்து பாருங்கள்: சிங்கத்தின் மேல் ஒரு பெண், எதிரே யானை மேல் ஒருவன், நடுவே போர்.

பிறகு அய்யனார் கோயில் பக்கம் வந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். சமண முனிவர் பாகுபலியின் காலில் கொடி சுற்றியிருக்கும். இன்னொரு தீர்த்தங்கரரான பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பு படமெடுக்கும். அடியில் உள்ள வட்டெழுத்தை, அந்தப் பழைய தமிழ் எழுத்தைத்தான் நான் தேடிப் போவேன். இளவெயில் சாய்வாக விழும்போது வெட்டு நிழலாகத் தெரியும்; உச்சிவெயிலில் வெறும் பாறை. ஒரு சிற்பத்தை அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்ததாக எழுதியிருக்கிறது. ஆயிரம் ஆண்டு தாண்டியும் ஒரு தாயின் பெயர் நிற்கிறது. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் பூசாதீர்கள். ஒருமுறை என் தம்பி மகன் பையிலிருந்து எடுத்தே விட்டான்.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் சுனையோடு நிறுத்திக்கொள்ளலாம், நஷ்டமில்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், போகாதீர்கள்.

இறங்கி, நாகமலைப் புதுக்கோட்டையில் இட்லி. வெயில் ஏறிய பிறகு கூரை வேண்டும். அதற்குத்தான் கீழடி அருங்காட்சியகம். ராமேசுவரம் சாலையில், 2023-இல் திறந்தது. பெயர் கீறிய பானை ஓடுகளுக்கு முன்னால் நின்றால் எனக்கு அரை மணி நேரம் போய்விடும். அதே நாளில் யானைமலை நரசிங்கத்தையும் சேர்க்க ஆசை வரும். வேண்டாம். 770-இல் குடைந்த கோயில் அது. தனியாக ஒரு காலை கொடுங்கள்.