காப்பகத்து நாயை மதிப்பிடுவதும் அதன் அச்சத்தைத் தெளிவிப்பதும்

காப்பகத்திலிருந்து நாயொன்றை எடுத்து வளர்க்க விரும்புவோரில் பலர், வாலாட்டிக்கொண்டு ஓடிவருவதை நல்ல நாய் என்றும் மூலையில் சுருண்டு கிடப்பதை உதவாத நாய் என்றும் முதல் நாளிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். இலங்கையின் வடக்கே இயக்கச்சியிலுள்ள சிவபூமி நாய்கள் சரணாலயம் போன்ற, பல நாய்கள் சேர்ந்து வாழும் இடத்தில் ஒரு நாய் காட்டும் நடத்தை, அது உங்கள் முற்றத்தில் காட்டப்போகும் நடத்தையாக இருக்கவேண்டியதில்லை. காப்பகங்களில் நடத்தப்படும் நடத்தைச் சோதனைகள் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானவை அல்ல என்று அமெரிக்க ஆய்வாளர்களான கரி பட்ரோனெக், ஜனிஸ் பிராட்லி ஆகிய இருவரும் 2016 இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார்கள்.

ஆகவே இரண்டு மூன்று தடவை, வெவ்வேறு நேரங்களில் சென்று பாருங்கள். கண்ணை உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டாகத் திரும்பி நிலத்தில் அமர்ந்திருங்கள். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுதல், தீனி இல்லாதபோதும் மூக்கை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை நாய் தன் சங்கடத்தைச் சொல்லும் வழிகள் என்பதை நோர்வே நாட்டுப் பயிற்சியாளர் துரிட் ருகோஸ் விரிவாக விளக்கியிருக்கிறார். நான் இவற்றைவிட முக்கியமாகக் கருதுவது, அஞ்சிய நாய் எவ்வளவு விரைவில் தெளிகிறது என்பதையே. சற்றுத் தொலைவில் திறப்புக் கோர்வையொன்றைக் கீழே போடுங்கள். துள்ளி விலகினாலும் சிறிது நேரத்தில் திரும்பிவந்து முகர்ந்து பார்க்கும் நாயிடம் நம்பிக்கைக்கு நிறைய இடமுண்டு. உடல் விறைத்து, வாயை மூடி, அசையாமல் உற்றுப் பார்க்கும் நாயைச் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். காது நோவும் உண்ணிக் காய்ச்சலும்கூட நாயை ஒதுங்கவைக்கும் என்பதால், மிருக வைத்தியரிடம் காட்டிய பின்னரே அதன் குணத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்கள் நடமாடும் முற்றத்தின் நடுவில் கட்டிவைக்காமல், பின்விறாந்தையில் மூன்று பக்கமும் மறைந்த மூலையொன்றைக் கொடுங்கள். கிடுகு வேலியில் பொட்டு, அதாவது நாய் புகும் ஓட்டை, இருந்தால் முன்னரே அடைத்துவிட வேண்டும். மிரண்ட நாய் அதன் வழியாக ஏ9 போன்ற பெருவீதிக்கு ஓடிவிட்டால் உயிருடன் திரும்புவது அரிது. புதிய நாயைப் பார்க்க வரும் அயலவர்களிடம் இரண்டு வாரம் பொறுக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த செம்மண் நிறப் பெட்டை நாயொன்று, அடுக்கிவைத்த நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒன்பது நாள் ஒதுங்கியிருந்து, நாங்கள் உறங்கிய பின்னரே சாப்பிட்டது. சூடை மீனை உப்பிடாமல் அவித்து, முள்ளை நீக்கி, கையில் வைத்து நீட்டியது நான் செய்த பிழை. மீனின் ஆசையால் கழுத்தை நீட்டியபோதும் அதன் பின்னங்கால்கள் ஓடுவதற்கே ஆயத்தமாக இருந்தன. தீனியை நாய்க்கு முன்னால் போடாமல் அதன் பின்னால் எறிய வேண்டும் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதை எடுப்பதற்காக நாய் நம்மைவிட்டு விலகுகிறது, விலகியதும் அதன் நெருக்கடி குறைகிறது, அடுத்த துண்டுக்காகத் தானாகவே ஓரடி கூடுதலாக நெருங்குகிறது. எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை நாயே தீர்மானிப்பதால்தான் இம்முறை பலிக்கிறது. பதினோராம் நாள், அது என் முழங்காலுக்கு அருகில் வந்து செருப்பை முகர்ந்தது. நான் கையை அசைக்கவில்லை.

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் இரைச்சலுக்கும் பொங்கல் வெடிக்கும் பழக்கும்போது ஒழுங்கு மாறக்கூடாது: முதலில் தொலைவில் மெல்லிய சத்தம், அதன் பின்னர் தீனி. தீனியை முதலில் கொடுத்தால், சத்தம் வரப்போகிறது என்பதற்கு அதுவே அறிகுறியாகி, நாய் மீனைக் கண்டாலும் நடுங்கத் தொடங்கலாம். வெடி கொளுத்தும் நாளில் பழக்க முயலாமல் உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். அஞ்சி வந்து ஒட்டிக்கொண்டால் ஆறுதல் கூறுங்கள். அதனால் பயம் கூடும் என்பது தவறான எண்ணம்.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கையின்றிக் கடி விழக்கூடும். கடித்துவிட்டால், நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நாய் தானாக வந்து உடலைச் சாய்க்கும் நாளில், தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சுப் பக்கத்தை மூன்று விநாடி மட்டும் தடவிவிட்டுக் கையை எடுங்கள். மூக்கால் கையை இடித்துக் கேட்டால் தொடருங்கள். முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவே.