அமிழும் சதுப்பு நிலத்தை மில்லிமீட்டரில் அளப்பது எப்படி? மிசிசிப்பி டெல்டாவிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1932 முதல் 2016 வரையிலான காலத்தில் தன் கடலோரத்தில் ஏறத்தாழ 4,833 சதுர கிலோமீட்டர் நிலத்தை இழந்திருக்கிறது என்று அந்நாட்டுப் புவியியல் அளவைத் துறை கணக்கிட்டுள்ளது. 1932இல் இருந்த கடலோர நிலத்தில் இது கிட்டத்தட்டக் கால் பங்கு. பழைய வரைபடங்களையும் வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டால் நிலம் போய்விட்டது என்பது தெரியும். ஏன் போனது, எஞ்சியிருப்பது எவ்வளவு வேகமாக அமிழ்கிறது என்பவை படத்தில் தெரியாது. அவற்றை அறியச் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

கள ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் அவற்றின் அடியில் உள்ள மண்ணையும் மூன்று தனிப் பாடங்களாகப் படித்துவிட்டு வருபவர்கள், களத்தில் அவை ஒரே கணக்கின் மூன்று வரிகள் என்பதைப் புரிந்துகொள்ளப் பல மாதங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு வண்டலைக் கொண்டுவருகிறது. சதுப்பு நிலம் அதைப் பிடித்துவைத்து உயர்கிறது. அடிமண் தன் எடையாலேயே இறுகித் தாழ்கிறது. 1927இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு மிசிசிப்பியின் கரைகள் மேலும் உயர்த்தி வலுப்படுத்தப்பட்டதால் வெள்ளம் சதுப்பு நிலத்துக்குள் பரவுவது நின்றது. மேலே மிசௌரி போன்ற துணையாறுகளில் கட்டிய அணைகள் வண்டலைத் தடுத்துக்கொண்டன. வரவு குறைந்தது, தாழ்வு மட்டும் நிற்கவில்லை.

படி 1: எதிலிருந்து அளக்கிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள்

உயரம் என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு உள்ள தொலைவுதான். பாறை நிலத்தில் ஓர் அடையாளக் கல்லை நட்டுவிட்டு அதை அசையாத பொருளாகக் கொள்ளலாம். டெல்டாவில் அப்படி ஒரு பொருள் கைக்கு எட்டும் ஆழத்தில் இல்லை, ஏனெனில் காலுக்குக் கீழே இருப்பது சில ஆயிரம் ஆண்டுகளாக ஆறு கொட்டிய களியும் மணலும் மக்கிய வேர்களுமே. ஆகவே நீங்கள் நடும் ஒவ்வொரு கம்பமும் தன் அடிமுனைக்குக் கீழே உள்ள மண்ணோடு சேர்ந்து தாழும்; அடிமுனைக்கு மேலே உள்ள மண் இறுகுவதை மட்டுமே அது காட்டும். குறிப்பேட்டின் முதல் வரியில் கருவியின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் கால் எத்தனை மீட்டர் ஆழத்தில் ஊன்றியிருக்கிறது என்பதை எழுதிவிடுங்கள். இந்த ஓர் எண் இல்லாத பழைய பதிவேடுகள் எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும் பிற்காலத்தில் பயன்படுவதில்லை.

படி 2: ஆற்றின் நீரையும் வண்டலையும் அளத்தல்

ஆற்றில் ஒரு விநாடிக்கு எத்தனை கன அடி நீர் செல்கிறது என்பதைக் காண அடிப்படை வழி எளியது. குறுக்குவெட்டை இருபது முப்பது செங்குத்துத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அகலத்தையும் ஆழத்தையும் சராசரி வேகத்தையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். சுழல் கிண்ணம் பொருத்திய வேகமானியைப் பயன்படுத்தினால், மேற்பரப்பிலிருந்து ஆழத்தில் பத்தில் இரண்டு பங்கிலும் பத்தில் எட்டுப் பங்கிலும் வேகத்தை எடுத்து, இரண்டின் சராசரியைக் கொள்ளுங்கள்.

மிசிசிப்பி போன்ற பேராற்றில் இப்போது படகின் பக்கவாட்டில் ஒலி வேகமானியைப் பொருத்தி, கரைக்குக் கரை படகைச் செலுத்துகிறார்கள். கருவி ஒலித் துடிப்பை அனுப்பும்; நீரோடு மிதந்து செல்லும் துகள்களிலிருந்து திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வெவ்வேறு ஆழங்களின் வேகத்தைக் கணக்கிடும். படகு எவ்வளவு நகர்ந்தது என்பதை அது ஆற்றின் அடித்தரையைப் பார்த்தே அறிகிறது. புதியவர்கள் தவறுவது இங்கேதான். வெள்ளக் காலத்தில் அடித்தரை மணல் நீரோட்டத்தோடு ஊர்கிறது. தரை நிற்பதாக நம்பும் கருவிக்குப் படகு மேல்நோக்கிச் செல்வது போலத் தோன்றும். விளைவாக நீரோட்டம் உண்மையைவிடக் குறைவாகப் பதிவாகும். எனவே அளவைத் தொடங்கும் முன் படகை ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்குச் செலுத்தித் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வாருங்கள். புறப்பட்ட இடத்துக்கு மேலே எங்கோ வந்து சேர்ந்ததாகக் கருவி காட்டினால் அடித்தரை ஓடுகிறது என்று பொருள். அப்போது படகின் நகர்வை ஜிபிஎஸ் கொண்டு அறிய வேண்டும். பிறகு எதிரெதிர் திசைகளில் இரட்டைப்படை எண்ணிக்கையில் கடந்து சராசரி காணுங்கள்.

வண்டலுக்கு மேற்பரப்பில் ஒரு குடுவையை முக்கி எடுப்பது போதாது. களி மேலிருந்து கீழ் வரை ஓரளவு சீராகக் கலந்திருக்கும். நிலத்தைக் கட்டியெழுப்பும் மணலோ பெரும்பாலும் அடியை ஒட்டியே செல்லும். ஆகவே எடை கட்டிய மாதிரிக் குடுவையை ஒரே சீரான வேகத்தில் அடிவரை இறக்கி, ஒரே சீரான வேகத்தில் ஏற்ற வேண்டும். வடிகட்டி, உலர்த்தி, நிறுத்துக் கிடைக்கும் அளவை நீரோட்டத்தோடு பெருக்கினால் நாளொன்றுக்கு எத்தனை டன் வண்டல் கடலை நோக்கிப் போகிறது என்பது தெரியும். நியூ ஆர்லியன்ஸுக்குக் கீழே உள்ள பெல் சேஸ் நிலையத்தில் கலங்கல்மானி இடைவிடாமல் இயங்குகிறது. அதன் அளவுகளை வண்டல் அளவாக மாற்றுவதற்கும் கையால் எடுத்த மாதிரிகளே உரைகல்.

வரவு இருந்தால் நிலம் வளரும் என்பதற்கு அதே மாநிலத்தில் ஒரு சான்று கண்முன் நிற்கிறது. மிசிசிப்பி, ரெட் ஆறுகளின் மொத்த நீரில் 30 சதவீதம் அட்சாஃபலாயா ஆற்றுக்குச் செல்லும்படி 1963 முதல் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு இயங்குகிறது. அட்சாஃபலாயாவிலிருந்து வெள்ள நீரை வடிக்க 1940களின் தொடக்கத்தில் வெட்டிய வாக்ஸ் லேக் கால்வாயின் முகத்தில், 1973 வெள்ளத்தின்போது புதிய டெல்டா நீருக்கு மேலே தலைகாட்டியது; அது இன்றும் வளர்கிறது.

படி 3: நீர்மட்டம், உவர்ப்பு, புல்

துளையிட்ட பிவிசி குழாய்க்குள் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் பதியும் உணரியைத் தொங்கவிட்டு, மணிக்கு ஒரு முறை பதியுமாறு அமையுங்கள். ஒவ்வொரு வருகையிலும் உணரியைத் தூய்மை செய்வதற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் அளவெடுத்து, இரண்டையும் எழுதுங்கள். பாசி படிந்ததால் வந்த பிழை அந்த வித்தியாசத்தில் தெரிந்துவிடும். பக்கத்துச் சதுப்பின் தரைமட்டத்தையும் அளந்துவைத்தால், ஆண்டில் எத்தனை மணி நேரம் நிலம் நீரின் கீழ் இருந்தது என்பது கிடைக்கும். புல்லுக்கு 2 மீட்டர் சதுரக் கட்டங்களை நிலையாகக் குறித்து, ஆண்டுக்கு ஒரு முறை எந்த இனம் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று பதிந்தால் போதும்.

படி 4: வெள்ளைப் பொடி விரித்தல்

முதலில் மரப்பலகையால் நடைமேடை கட்டுங்கள். சதுப்பில் ஒரு முறை கால் வைத்தால் பல சென்டிமீட்டர் அமுங்கும். நாம் தேடுவதோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். மேடையிலிருந்து கை எட்டும் தொலைவில் 50 சென்டிமீட்டர் சதுரத்தைக் குறித்து, மூலைகளில் குழாய் நட்டு, ஃபெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமப் பொடியைச் சீராகத் தூவுங்கள். புல் இலைகளில் தங்கும் பொடியைக் கையால் மெல்ல உதிர்த்துவிட வேண்டும். இனி அதன்மேல் படியும் ஒவ்வொரு துகளும் நீங்கள் குறித்த நாளுக்குப் பிறகு வந்தது.

ஆறு மாதம் கழித்து வந்து அதை வெட்டிப் பார்க்க முடியாது. மண்வெட்டி பட்டதும் அந்தக் குழைசேறு தன் வடிவத்தை இழந்துவிடும். அதற்காகத்தான் உறைய வைக்கிறோம். முனை அடைத்த மெல்லிய செம்புக் குழாயைப் பொடிப் படலத்துக்குக் கீழே வரை செருகி, அதற்குள் திரவ நைட்ரஜனைச் செலுத்தினால், சில நிமிடங்களில் சுற்றியுள்ள சேறு குழாயோடு ஒட்டி உறையும். வெளியே எடுத்ததும் வெண்புகை சூழ, கைத்தடி போன்ற ஒரு கரிய கட்டி வரும். அதன் மேற்பரப்பைக் கத்தியால் மெல்லச் சீவினால், கருமைக்கு நடுவே சுண்ணாம்புக் கோடு இழுத்தது போல வெள்ளை வளையம் தெரியும். அந்த வளையத்தின் மேல் விளிம்பிலிருந்து கட்டியின் தலை வரை, சுற்றிலும் மூன்று நான்கு இடங்களில் வெர்னியர் காலிப்பரால் அளந்து சராசரி எடுங்கள். வளையம் கலங்கியோ சாய்ந்தோ இருந்தால் வலிந்து ஓர் எண்ணை எழுதாமல் அப்படியே குறித்துவிட்டு, கட்டத்தின் வேறோர் இடத்தில் மறுபடி எடுங்கள். திரவ நைட்ரஜனைக் கையாளும்போது குளிர்தாங்கும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அதை மூடிய வண்டிக்குள் உங்களோடு கொண்டுபோகவே கூடாது.

படி 5: கம்பியும் ஒன்பது ஊசிகளும்

வண்டல் 12 மில்லிமீட்டர் படிந்தால் நிலம் 12 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அடியில் உள்ள சேறு அதற்குள் இறுகியிருக்கும். தரையின் உண்மையான ஏற்ற இறக்கத்தை அறியத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து, இனி இறங்காது என்ற நிலை வரும் வரை அடித்து இறக்குகிறார்கள். லூசியானாவில் பல இடங்களில் இது 20 மீட்டரைத் தாண்டும். கம்பியின் தலையில் நிலையான பூட்டு ஒன்றைப் பொருத்திச் சிமென்ட் இட்டுவிட்டால், அதில் மாட்டக்கூடிய, கிடையாக நீளும் கருவிக் கையை ஒவ்வொரு வருகைக்கும் கொண்டுவந்தால் போதும்.

கையைப் பூட்டில் மாட்டி, ரசமட்டம் நடுவில் நிற்கும் வரை சரிசெய்யுங்கள். கையின் நுனிப்பலகையில் உள்ள ஒன்பது துளைகளின் வழியே ஒன்பது ஊசிகளை, தரையைத் தொட்டதும் நிறுத்தும்படி மெல்ல இறக்குங்கள். பலகைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியின் நீளத்தை மில்லிமீட்டரில் படியுங்கள்; முன்பைவிட அதிகமாக நீட்டினால் தரை உயர்ந்திருக்கிறது. கையை நான்கு திசைகளுக்கும் திருப்பினால் 36 அளவுகள் கிடைக்கும். எது தரை என்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். உதிர்ந்த இலை தரையில்லை, அதை ஒதுக்க வேண்டும். வேரோடு பின்னிய மெத்தை தரைதான். நண்டு வளைக்குள் ஊசி இறங்கினால் "வளை" என்று எழுதுங்கள். முடிந்தவரை ஒரே ஆள் ஒரே இடத்தை ஆண்டுதோறும் படிப்பது நல்லது. நீரில் மிதக்கும் சதுப்பு மெத்தைகளும் லூசியானாவில் உண்டு. நீரோடு ஏறி இறங்கும் அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

லூசியானாவின் கடலோரக் கண்காணிப்பு அமைப்பில் சுமார் 390 நிலையங்கள் உள்ளன. உணரி, புல் கட்டங்கள், வெள்ளைப் பொடி, கம்பி ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து அளப்பதே அதன் பலம்.

படி 6: கழித்தல் கணக்கு

எடுத்துக்காட்டுக்காக நானே வைத்துக்கொண்ட எண்களைப் பாருங்கள். வெள்ளைப் பொடியின்மேல் ஆண்டுக்கு 11 மில்லிமீட்டர் படிகிறது. ஊசிகள் 4 மில்லிமீட்டர் ஏற்றத்தையே காட்டுகின்றன. எனில் பொடிப் படலத்துக்கும் கம்பியின் அடிமுனைக்கும் இடையே மண் 7 மில்லிமீட்டர் இறுகியிருக்கிறது. இது ஆழமற்ற தாழ்வு. கம்பியின் அடிமுனையும் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் கீழே போகிறது, கடல் 3 மில்லிமீட்டர் ஏறுகிறது என்று கொள்ளுங்கள். தரையைப் பொறுத்தவரை கடல் ஏறும் வேகம் 7, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 12, படிவு 11. இந்த நிலம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் பின்தங்குகிறது.

இதே இடத்தில் கம்பியளவு ஆழத்தில் கால் ஊன்றிய கடல்மட்டமானி ஒன்று இருந்தால் அது 2, 3 இரண்டையும் கூட்டி 5 என்றே காட்டும். 7 அதற்குத் தெரியவே தெரியாது. இது வெறும் கற்பனையில்லை. லூசியானாவின் கடல்மட்டமானிகளோடு இணைந்த அடையாளக் கம்பங்கள் பெரும்பாலும் மிக ஆழத்தில் ஊன்றியவை என்பதையும், அதனால் மேல்மண்ணின் இறுக்கத்தை அவை தவறவிடுகின்றன என்பதையும் டுலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் எடுத்துக்காட்டினர். அதே குழு 2017இல் 274 நிலையங்களின் பொடி, ஊசி அளவுகளைக் கொண்டு, தரையைப் பொறுத்த கடல்மட்ட உயர்வு சராசரியாக ஆண்டுக்கு 12 மில்லிமீட்டர் என்று கண்டது. கிராண்ட் ஐல் தீவின் கடல்மட்டமானியோ நெடுங்காலச் சராசரியாக 9 மில்லிமீட்டரையே காட்டுகிறது.

படி 7: கம்பியின் காலுக்கும் கீழே

அடிமுனை எவ்வளவு தாழ்கிறது என்பதை அறிய, ஆழமாக ஊன்றிய கம்பத்தின்மேல் ஜிபிஎஸ் ஏற்பியை வைத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிய வேண்டும். ஒரே முறை வைத்து எடுத்த உயரத்தில் உள்ள பிழை, ஓராண்டின் தாழ்வைவிடப் பெரிதாக இருக்கும். ரேடார் செயற்கைக்கோள் நகரக் கட்டடங்களின் தாழ்வை நன்றாகக் காட்டும். சதுப்பில் புல்லும் நீரும் நொடிக்கு நொடி மாறுவதால் அடுத்தடுத்த படங்கள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப இன்றும் ஊசிதான் வேண்டியிருக்கிறது.

எத்தனை ஆண்டு அளந்த பிறகு ஒரு வேகத்தைச் சொல்லலாம் என்று கேட்பார்கள். ஐந்தாண்டுக்குக் குறைந்த பதிவிலிருந்து நான் வேகம் கணக்கிட மாட்டேன். ஒரு வறட்சியில் மேல்மண் சுருங்குவதும் மழையில் ஊதுவதும் அந்தக் கோட்டை எந்தப் பக்கமும் சாய்த்துவிடும். புயல் வந்த ஆண்டை விலக்கிவிட்டுக் கணக்கிடுவதும் சரியன்று. 2005இல் கத்ரீனா, ரீட்டா புயல்கள் கடலடிச் சேற்றை அள்ளி வந்து சில சதுப்புகளில் பல சென்டிமீட்டர் கனத்துக்குப் படியவைத்தன. வேறு சிலவற்றை வேரோடு பிய்த்துப்போட்டன. இரண்டுமே அந்த நிலத்தின் வரவு செலவில் சேர்ந்தவை. புயலுக்குப் பின் முதல் வருகையில் பழைய வெள்ளை வளையத்தை அளந்து எழுதுங்கள், அதே நாளில் பக்கத்தில் புதிய கட்டம் ஒன்றைக் குறித்துப் பொடி தூவுங்கள், தாளின் மேலே தேதியையும் கம்பியின் ஆழத்தையும் மறுபடி எழுதுங்கள்.