சிறப்புப் பேச்சாளரை அழைக்கும் மாணவர் விழாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரித் துறை மன்றங்கள் வெளியூர்ப் பேச்சாளரை அழைத்து விழா நடத்தும்போது, மேடை அலங்காரத்துக்கும் அழைப்பிதழுக்கும் காட்டும் அக்கறையை அவருடைய பயணத்துக்கும் பேசும் நேரத்துக்கும் காட்டுவதில்லை. பெரும்பாலான குளறுபடிகள் இதனால்தான் நேர்கின்றன.

முதல்வரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் கலையரங்கமும் கிடைப்பதற்கு முன்பே பேச்சாளரிடம் தேதியை உறுதி செய்துவிடக் கூடாது. இடையில் பருவத் தேர்வு குறுக்கிட்டுத் தேதி மாறினால், பணியில் இருப்பவர் எடுத்த விடுப்பு வீணாகும்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதால், தட்கலை நம்பியிராமல், போக வர இரண்டு பயணச்சீட்டுகளையும் இயன்றவரை விரைவாக எடுத்துவிட வேண்டும். சென்னையிலிருந்து புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் அதிகாலையிலேயே மதுரையை அடைந்துவிடுகிறது. நண்பகல் 12 மணிக்குத்தான் அறை தருவோம் என்னும் விடுதியில் அன்றைய தேதிக்குப் பதிவு செய்திருந்தால், இரவெல்லாம் பயணம் செய்தவர் குளிக்கவும் வழியின்றி வரவேற்பறையில் காத்திருக்க நேரிடும். முந்தைய நாளிலிருந்தே அறை எடுப்பதோ, 24 மணி நேரக் கணக்கில் அறை தரும் விடுதியைத் தேர்வதோ நல்லது. அவருடன் பேசும் பொறுப்பை ஒரே மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும். நால்வர் மாறி மாறி அழைத்தால், நிலையத்தில் யார் நிற்கிறார் என்பதே தெரியாமல் போகும்.

இவை அனைத்தையும்விடப் பெரிய தவறு, பேச்சாளரின் நேரத்தைச் சடங்குகளுக்குக் கொடுத்துவிடுவது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடிகள் போதும். அதன்பின் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, நான்கு வாழ்த்துரைகள், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம் என்று நீள்வதால், 10 மணி நிகழ்ச்சியில் சிறப்புரை 12 மணிக்குத்தான் தொடங்குகிறது. பேசத் தொடங்கிய கால் மணி நேரத்திலேயே ‘உணவு இடைவேளை, சுருக்கமாக முடிக்கவும்’ என்ற துண்டுச் சீட்டு ஒலிபெருக்கி மேசைக்குச் சென்றுவிடுகிறது. எங்கிருந்தோ வந்து, பல நாள் தயாரித்துப் பேசுபவருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை என்றே நான் கருதுகிறேன். வாழ்த்துரையை ஒன்றாகக் குறைத்து, மற்றவர்களுக்கான சிறப்புகளைச் சிறப்புரைக்குப் பின் வைத்துக்கொண்டால் முக்கால் மணி நேரமாவது மிஞ்சும். அறிமுகக் குறிப்பையும் இணையத்திலிருந்து எடுத்து அப்படியே வாசிக்காமல், அவருக்கே முன்கூட்டி அனுப்பித் திருத்தி வாங்குவது முறை.

ஒலிபெருக்கியையும் புரொஜெக்டரையும் முந்தைய மாலையே அதே அரங்கில் சோதித்துவிட வேண்டும். பழைய தமிழ் எழுத்துருவில் செய்த படக்காட்சி வேறு கணினியில் புரியாத குறிகளாகத் தோன்றும் என்பதால், அதை எழுத்துருவுடன் கூடிய பிடிஎஃப் கோப்பாகவும் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

மதிப்பூதியத்தைப் பற்றிக் கூச்சத்தால் பேசாமல் விடுவதும் தவறே. தொகை எவ்வளவு, பயணச் செலவு தனியா, வங்கிக் கணக்கு, பான் எண் விவரங்களும் ரசீதுகளும் தேவையா என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட்டு, அவர் ஊர் திரும்புவதற்குள் பணம் கிடைக்கும்படி அலுவலகத்தில் முன்னதாகவே ஒப்புதல் பெற வேண்டும்.