கிழட்டு டால்மேஷனும் எம்.சி.ஓ.வும்: முதலில் மூத்திரத்தைப் பாருங்கள்

மலேசியாவில் கோவிட்டும் எம்.சி.ஓ. என்ற நடமாட்டக் கட்டுப்பாடும் இருந்த அந்த இரண்டு வருஷமும் காலையில் கதவைத் திறந்தால், வாசல் தெளிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் நாய் தம்பி ஒன்றுக்குப் போவதை நின்று பார்ப்பது. எத்தனை தடவை காலைத் தூக்குகிறான், தாரையாக வருகிறதா சொட்டுகிறதா, என்ன நிறம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வயசான ஆண் டால்மேஷனை, அதாவது புள்ளி போட்ட வெள்ளை நாயை, வைத்திருப்பவர் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்தே ஆகவேண்டும்.

தம்பிக்குத் தோட்டத்து மேனேஜர் வைத்த பெயர் டோமினோ. அவர் வேலை முடிந்து ஊரைவிட்டுப் போனபோது மூன்று வயசு நாயை எங்களிடம் விட்டுப் போனார். அம்மாவுக்கு டோமினோ வாயில் நுழையவில்லை. தோமினு, தம்மினு என்று தேய்ந்து தேய்ந்து தம்பியில் வந்து நின்றது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2020-இல் அவனுக்கு 12 வயசு. இந்த ஜாதி நாய்க்கு 11லிருந்து 13 வயசு வரை இருந்தாலே நல்ல ஆயுசு. அவன் 14-ஐத் தொடும் நேரத்தில், 2022 தைப்பூசத்துக்கு முன்பு போனான். மூத்திரக் கல் அடைத்தோ, என் கைத்தவறாலோ போகவில்லை, வயசாகித்தான் போனான். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள்.

எங்கள் தாமான் (குடியிருப்பு) முன்பு பால்மரக் காடு, ரப்பர்த் தோட்டம். இப்போது பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை). 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் தெரு அப்படியே அடங்கிப்போனது. 1948-இல் கம்யூனிஸ்ட் சண்டையால் மலாயாவில் வந்த அவசரகாலத்தில் பார்த்த கர்ஃபியூவை அப்பா அடிக்கடி சொல்வார். எங்கள் தலைமுறைக்கும் ஒன்று வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மனுஷருக்கு அரிசி, பருப்பு, முட்டை என்று வாங்கி அடுக்கினேன். நாய்க்கு மலிவாகக் கிடைத்ததை வாங்கினேன்: கோழி ஈரல் மூன்று கிலோ, நெத்திலி ஒரு பெரிய பொட்டலம். ஈரல் இரத்தம் ஊறும் என்று கடைக்காரர் வேறு சொல்லி அனுப்பினார். சோற்றில் நெத்திலிச் சாறு ஊற்றிப் பிசைந்தால் தட்டை நக்கிப் பளபளப்பாக்கிவிடுவான். எனக்கும் சந்தோஷம்.

அதுதான் நான் செய்த முதல் தப்பு. இரண்டாவது தப்பு எனக்குத் தப்பென்றே தெரியவில்லை. தம்பி ஒன்பது வருஷமாக மைதானத்து ஓரம் இருக்கும் கரண்ட் கம்பத்தில்தான் ஒன்றுக்குப் போவான், வீட்டுக் காம்பவுண்டில் ஒரு சொட்டு விடமாட்டான். ஓடவோ மைதானம் போகவோ கூடாது என்று ஆனபின் அவன் பகல் முழுக்க அடக்கிக்கொண்டு கிடந்தான். அடக்கிய நாய் தண்ணீரும் குறைத்துக் குடிக்கும். ஏப்ரல் மாதம் ஒருநாள் இரவு, மிளகாய்ச் சட்டிகளுக்குப் பக்கத்தில் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஒன்றும் வரவில்லை. நகர்ந்தான், மறுபடி நின்றான். டார்ச் அடித்துப் பார்த்தேன். சிமெண்டில் காசு அகலத்துக்கு நாலு சொட்டு, ரோஜாத் தண்ணீர் நிறம்.

டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "அக்கா, கொஞ்சமாவது போறானா, ஒன்னுமே போகலையா?" சொட்டுகிறது என்றேன். "வயித்தத் தொட்டுப் பாருங்க, பந்து மாதிரி இருக்கா?" இருந்தது. விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இப்பவே புறப்படுங்கள் என்றார். முழுதாக அடைத்துவிட்டால் சில நாளிலேயே உயிர் போய்விடும், அதற்குள் சிறுநீரகமும் கெட்டுவிடும்.

கிளினிக் ஈப்போவில், 30 கிலோமீட்டர் பக்கம். அப்போது 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முதலில் போலீஸ் நிலையம் போய் நிலைமையைச் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டேன். அதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. சாலைத் தடுப்பில் இளவயது மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர் கடிதத்தைப் பார்த்தார், காரின் பின்சீட்டைப் பார்த்தார். "சாக்கிட் ஆப்பா?" என்ன வியாதி என்கிறார். "பத்து காராங்" என்றேன், கல்லடைப்பு. தம்பியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, தன் அப்பாவுக்கும் அதேதான் என்று மலாயில் சொல்லிக் கையைக் காட்டி விட்டார்.

கிளினிக்கில் நான் காரை விட்டு இறங்கக்கூட இல்லை. கவசம் போட்ட பையன் ஒருவன் வந்து தூக்கிப் போனான். குழாய் விட்டுக் கல்லை மூத்திரப் பைக்குள்ளேயே தள்ளி வழியைத் திறந்தார்கள். எக்ஸ்ரேயில் இந்தக் கல் பல நேரம் தெரியாதாம், ஸ்கேனில்தான் தெரிந்தது. கத்தி வைக்காமல் மருந்திலும் உணவிலும் சமாளித்தோம். செலவை மகள் கோலாலம்பூரிலிருந்து அனுப்பினாள். இனி நான் சொல்வதெல்லாம் அந்த இரவுக்குப் பிறகு கற்றுக்கொண்டது.

ஏன் இந்த நாய்க்கு மட்டும்

மற்ற நாய்களுக்கு உடம்பில் உண்டாகும் யூரிக் அமிலத்தை ஈரல் இழுத்து, நன்றாகக் கரையும் வேறு பொருளாக மாற்றிவிடும். டால்மேஷனுக்கு அந்த அமிலம் ஈரலின் செல்லுக்குள் போகிற வாசல் பிறவியிலேயே பழுது. அதனால் அமிலம் பெரும்பாலும் அப்படியே மூத்திரத்தில் இறங்கும், மூத்திரம் கெட்டியானால் கல்லாகும். பெண் நாய்க்குக் குழாய் அகலம், அதனால் அடைப்பது அரிது. ஆணுக்குத்தான் வம்பு. 1973-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்பவர் பாயிண்டர் ஜாதி நாயோடு ஒரே ஒரு தடவை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்து, இந்தக் கோளாறு இல்லாத வம்சத்தை உண்டாக்கினார். புதுக்குட்டி வாங்குகிறவர்கள் கேட்டு வாங்கலாம். கையில் இருக்கும் கிழவனுக்கு நாம்தான் காவல்.

ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள், நெத்திலி, சார்டின், மார்மைட் மாதிரி ஈஸ்ட் சாறு, இவை அடியோடு வேண்டாம். சார்டின் என்பது நம் மத்தி மீன்தான். முட்டை, சோறு, பூசணி, கேரட், உப்பில்லாத வெறும் தயிர் நல்லது. கோழிச் சதை கொஞ்சமாக, ஆனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அமிலமாகிற சத்தில் நிறைய அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். நானோ அத்தனை வருஷமும் சதையை எனக்கு எடுத்துக்கொண்டு சூப்பை அவனுக்கு ஊற்றியவள். பருப்பும் கீரையும் காளானும்கூட அளவோடுதான். வெங்காயம் எந்த நாய்க்கும் ஆகாது, அதனால் நம் குழம்பு மிச்சம் வேண்டவே வேண்டாம். வீட்டுச் சாப்பாடு மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து முதலியவை குறையும். பட்டியலை டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள். கல் வரும் நாய்களுக்கென்று பையில் விற்கும் உணவும் உண்டு, விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

தண்ணீர்க் கணக்கு இப்படி: கிலோவுக்கு 50லிருந்து 60 மில்லி. தம்பி 26 கிலோ, ஆகவே ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றைக் காலையில் நிரப்பி மேஜையில் வைப்பேன். அவன் சட்டிக்குப் போவதும் சோற்றில் கலப்பதும் அதிலிருந்துதான். இரவுக்குள் போத்தல் காலியாக வேண்டும். மிஞ்சினால் மறுநாள் சோற்றை இன்னும் கஞ்சியாக்குவேன். வழக்கத்தைவிட மடமடவென்று இரட்டிப்பாகக் குடிக்க ஆரம்பித்தாலும் சும்மா இருக்காதீர்கள். கிழட்டு நாய்க்கு அது சிறுநீரகமோ சர்க்கரையோ காட்டும் அறிகுறி.

வெளியே போகாமல் ஒன்றுக்குப் போக வைப்பது

அதட்டிப் பிரயோஜனமில்லை. நான் மளிகைக்குப் போய்த் திரும்பும் வழியில், அந்தக் கம்பத்தடியில் கிடந்த காய்ந்த செம்பனை மட்டை ஒன்றைக் காரில் போட்டுக் கொண்டுவந்தேன். ஊர் நாய்கள் எல்லாம் கையெழுத்துப் போட்ட மட்டை. காரில் வந்த வாடையைச் சொல்லி முடியாது. பின்வாசல் மண்ணில் அதை நட்டேன். முதல்நாள் சுற்றிச் சுற்றி மோந்தான், இரண்டாம் நாள் காலைத் தூக்கிவிட்டான். அதன்பின் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் கயிறு கட்டி அங்கே அழைத்துப் போவேன், படுக்கும் முன் கடைசியாக ஒரு தடவை. வயசான நாய் தானாக எழுந்து கேட்காது, நாம்தான் எழுப்பவேண்டும்.

எழுப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. டால்மேஷன்களில் பிறவிச் செவிடு அதிகம், அதற்கு மேல் வயசுச் செவிடு. தூங்குகிறவனைத் திடீரென்று தொட்டால் கடிக்கக்கூடும், அவன் குற்றம் இல்லை. காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுங்கள், அதிர்வு போகும். அல்லது கையை மூக்குக்கு முன் வைத்து வாசனையில் விழிக்க விடுங்கள். காது போன நாய் முகத்தைப் பார்த்துத்தான் நம்மைப் படிக்கும் என்பது எனக்கு மாஸ்க் வந்த பிறகுதான் உறைத்தது. ரவிக்கை வாங்க வந்த, பத்து வருஷப் பழக்கமுள்ள அக்காவையே பார்த்துக் குரைத்தான். நான் மாஸ்க்கோடு கூப்பிட்டாலும் தயங்கினான். அதனால் "வா", "உட்கார்", "சாப்பாடு" மூன்றுக்கும் கைச்சாடை பழக்கினேன். 12 வயசில் கற்றுக்கொள்ளுமா என்றால், முட்டைத் துண்டு இருந்தால் கற்றுக்கொள்ளும். செவிட்டில் ஒரு லாபமும் உண்டு. அந்த வருஷம் தீபாவளிக்குத்தான் முதல் முறையாகக் கட்டிலுக்கடியில் ஒளியாமல் தூங்கினான்.

நோய்ப் பயத்தில் நாயைக் கெடுக்காதீர்கள்

2020 பிப்ரவரி கடைசியில் ஹாங்காங்கில் 17 வயசுப் பொமரேனியன் ஒன்றுக்குச் சோதனையில் லேசாகக் கிருமி தெரிந்தது என்று செய்தி வந்ததும், எங்கள் தெருவில் சிலர் நாயை டெட்டால் தண்ணீரில் குளிப்பாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நாய்க்கு அது வளர்த்தவரிடமிருந்து போனது. பாதத்தில் சானிடைசர் தேய்த்தால் நாய் அதை நக்கும்; சாராயம் உள்ளே போகும். குளோராக்ஸ் (பிளீச்) ஊற்றிய தரை காய்வதற்குள் நாயை விடாதீர்கள். நடந்துவந்த காலுக்குச் சாதாரண சோப்புத் தண்ணீர், பிறகு விரல் இடுக்குவரை துடைப்பது, அவ்வளவுதான். துடைக்கும்போதே உண்ணி பாருங்கள். செம்பனை ஓரத்தில் உண்ணிக் காய்ச்சல்தான் கோறனி என்கிற கோவிட்டைவிட நாய்க்கு நிஜமான ஆபத்து. மூட்டு வலிக்கிறதே என்று நம் பனடோலையோ (பாராசிட்டமால்) வேறு வலி மாத்திரையையோ கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டி யோசிக்காதது. முதல் வருஷத்தில் தொற்று உறுதியானால் ஆளை அப்படியே கொண்டுபோய்விடுவார்கள். நாயை யார் பார்ப்பது? எதிர்வீட்டு ஆசாரி அண்ணனுக்கு நாய் என்றால் நடுக்கம். தினமும் கேட்டுக்கு வெளியிலிருந்து அவித்த முட்டை ஒன்றைப் போடச் சொன்னேன். மூன்றாவது வாரம் தம்பி அவரைக் கண்டதும் வாலாட்டினான், அவரும் உள்ளே வரத் துணிந்தார். சாவியும் போத்தல் கணக்கும் டாக்டர் நம்பரும் எழுதிய அட்டையை அவரிடம் கொடுத்தேன். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), முஸ்லிம் என்பதால் தன்னால் தொட முடியாது, ஆனால் வேலிக்கு மேலே ஹோஸ் பைப் விட்டுத் தண்ணீர்ச் சட்டியை நிரப்பித் தருகிறேன் என்று தானாகவே வந்து சொன்னார். அவர் வீட்டு முன்பு தம்பியை நான் நடத்திப் போனதே இல்லை, எப்போதும் எதிர்ப்பக்கம்தான். அதை அவர் கவனித்திருக்கிறார்.

சில்லறை விஷயங்கள்

டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்கும்; ரப்பர் பாயைத் துண்டு போட்டுப் படுக்கையிலிருந்து பின்வாசல்வரை வழியாக விரித்துவிடுங்கள். எழமுடியாத நாளில் துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கலாம். ஆண் நாய்க்குத் துண்டு குழாயை அழுத்தாமல் பார்த்துப் போடவேண்டும். நகத்தை வெட்டிவிட்டாலே பாதி வழுக்கல் குறையும். கண்ணில் நீலப்புகை படர்ந்தால் எல்லாமே புரை அல்ல, காட்டிக் கேளுங்கள். ராத்திரி மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்பது, பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் உலாத்துவது மூளைத் தளர்ச்சியாக இருக்கலாம். தம்பிக்கு வீட்டு நடையில் ஒரு சின்ன விளக்கை எரிய விட்டதும் பாதி உலாத்தல் நின்றது.

முடி. அதற்கு எம்.சி.ஓ.வும் தெரியாது, வயசும் தெரியாது. வருஷம் முழுக்க உதிரும், ஊசி மாதிரித் துணியில் குத்தி நிற்கும். ரப்பர் கையுறையை நனைத்துக்கொண்டு துணிமேல் ஒரே பக்கமாகத் தடவினால் திரண்டு வரும், ஒட்டு நாடாவைவிட மேல். நான் இன்னொரு வழியும் வைத்திருந்தேன். கறுப்புத் துணி தைக்கிற நாளில் தம்பிக்குப் பின்வாசல், வெள்ளைத் துணி தைக்கிற நாளில் மெஷினுக்கடியில் இடம்.