ஃப்ளை லைன்: அது சுருளா, முறுக்கா?

ஃப்ளை எனும் செயற்கைப் பூச்சித் தூண்டிலை வீசி மீன்பிடிக்க உதவும் தடித்த நூல்தான் ஃப்ளை லைன். ரீலிலிருந்து உருவிய லைன் ஸ்பிரிங் மாதிரி வளையம் வளையமாகக் கிடந்தால் உடனே பிடித்து இழுக்க வேண்டாம். சுருளுக்கு ஒரு வைத்தியம், முறுக்குக்கு வேறு. முதலில் எது என்று பாருங்கள்.

ஒரு மீட்டர் அளவு லைனை இரு கைகளிலும் பிடித்து, கைகளை மெல்ல நெருக்குங்கள். தொங்கும் வளைவு கயிறு திரித்ததுபோல் தன்மேலேயே பின்னிக்கொண்டால் முறுக்கு. பின்னாமல், ஸ்பூல் (ரீலில் லைன் சுற்றும் உருளை) பருமனுக்கு வட்டவட்டமாக நின்றால் சுருள். மெமரி என்பது அதைத்தான்.

பெரும்பாலான லைன்களில் நடுவே நைலான் கோர், மேலே பிவிசி கோட்டிங். வாரக்கணக்கில் ஸ்பூலில் இறுகிக் கிடந்தால் இரண்டுமே அந்த வட்டத்துக்குப் பழகிவிடும். குளிரில் பிவிசி விறைப்பதால் சுருள் இன்னும் கூடும். வெப்பக் கடலுக்கென்று செய்த லைனில் கோட்டிங் கடினம், கோரும் பல சமயம் ஒற்றை இழை. அதைக் குளிர்ந்த ஓடையில் போட்டுவிட்டு இழுத்து இழுத்துக் கை ஓய்வதில் பயனில்லை. தண்ணீருக்கேற்ற லைனைப் போடுங்கள்.

சுருளை எடுக்க, அன்று வீசப்போகும் நீளத்தை மட்டும் உருவினால் போதும். வழவழப்பான கம்பத்தில் லைனின் நடுப்பகுதியை ஒரு பக்கமாக வளைத்துப் போட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துப் பின்னால் நகருங்கள். ரப்பர் போல லேசாக நெகிழ்வது கையில் தெரியும். அங்கேயே 10 வினாடி நிறுத்தி, மெதுவாக விடுங்கள். ஆள் தனியாக இருந்து கம்பமும் இல்லையென்றால் இரு கை விரித்த நீளமாக, கைக்குக் கை இழுத்துக்கொண்டே போகலாம். வெடுக்கென்று இழுத்தால் சுருள் போகாது, கோட்டிங்தான் கெடும். லைனை விரலில் சுற்றிக்கொண்டு இழுத்தால் விரலை அறுத்துவிடும். லைன் முனையில் கட்டும் மெல்லிய நூலான லீடரைப் பிடித்து இழுத்தால் முடிச்சு விட்டுப்போகும்.

நைலான் லீடருக்கும் மெமரி உண்டு. மூடிய உள்ளங்கைக்குள் நிதானமாக இரண்டு மூன்று தடவை உருவினால் கைச்சூட்டிலேயே நேராகும். வேகமாக உருவினால் உராய்வுச் சூட்டில் நைலான் பலமிழக்கும்.

முறுக்கு இழுத்தால் போகாது. நீள்வட்டமாக வீசும் காஸ்ட், காற்றில் சுழலும் பெரிய ஃப்ளை, புது லைனைப் பெட்டிச் சுருளின் பக்கவாட்டிலிருந்து உருவிச் சுற்றுவது இவைதான் காரணம். ஃப்ளையையும் லீடரையும் கழற்றிவிட்டு, லைனை நீரோட்டத்தில் முழுக்க விட்டுச் சில நிமிடம் பிடித்திருங்கள். கட்டற்ற முனை சுழன்று சுழன்று முறுக்கைத் தானே கழற்றும். ஓட்டம் இல்லாத இடத்தில் புல்வெளியில் இழுத்துக்கொண்டு நடந்தாலும் சரி. புது லைனை ஏற்றும்போது பெட்டிச் சுருளின் நடுத்துளையில் பென்சிலைச் செருகி, அது உருளும்படி வைத்துச் சுற்றினால் இந்தத் தொல்லை தொடங்காது.

ஸ்பூலில் பேக்கிங் (லைனுக்கு அடியில் சுற்றும் மெல்லிய நூல்) குறைவாக இருந்தால் லைன் ஒல்லியான அச்சில் சுற்றி, சுருளும் சிறிதாக இறுகும். லைன் ஏறிய பின் விளிம்புக்குக் கீழே சுமார் 5 மி.மீ. இடைவெளி மட்டும் இருக்கும்படி பேக்கிங் சேருங்கள். பல மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் ரீலிலிருந்து கழற்றி, பெரிய வளையங்களாகத் தளர்வாகக் கட்டி, வெயில் படாமல் வைக்கவும்.

வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு மென்சோப்பு விட்டுத் துணியால் துடைத்து அலசிய பிறகு இழுத்தால் பிவிசி இளகி எளிதில் நேராகும். கொதிநீர் கூடாது, டீட் கலந்த கொசுவிரட்டி பட்ட கையும் கூடாது, அது கோட்டிங்கை அரித்துவிடும். துடைக்கும்போதே நகத்தால் தடவிப் பாருங்கள். குறுக்கே சிறு சிறு விரிசல்கள் நகத்தில் தட்டினால், அந்த லைனை இனி இழுத்துச் சரிசெய்ய முடியாது; மாற்ற வேண்டியதுதான்.