பிரான்சில் பிரெஞ்சு நூல்களைக் குறைந்த செலவில் படிப்பது எப்படி?

பிரான்சில் புதுப் புத்தகத்துக்குத் தள்ளுபடி தேடி அலைய வேண்டாம். 1981-இல் வந்த லாங் சட்டப்படி விலையை நிர்ணயிப்பவர் பதிப்பாளர்; கடைக்காரர் அதிகபட்சம் 5 சதவீதம்தான் குறைக்கலாம். 2011-இல் வந்த இன்னொரு சட்டத்தால் மின்னூலும் எல்லாக் கடைகளிலும் ஒரே விலைதான். சிறிய புத்தகக் கடைகள் பிழைத்திருக்க இந்தச் சட்டம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் கையில் காசு குறைவு என்றால் வேறு வழிகளில் போக வேண்டும்.

படி 1: எழுத்தாளர் இறந்த ஆண்டைப் பாருங்கள். 70 ஆண்டுகள் கடந்திருந்தால் பெரும்பாலும் காப்புரிமை இருக்காது. 1954-இல் மறைந்த பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத்தின் எழுத்துகள் 2025 தொடக்கத்தில் காப்புரிமை நீங்கிப் பொதுவுடைமை ஆயின. தேசிய நூலகத்தின் காலிகா, பிரெஞ்சு விக்கிமூலம், குட்டன்பர்க் ஆகிய தளங்களில் இப்படிப்பட்டவை இலவசம். காலிகாவில் பல நூல்கள் பழைய தாள்களின் படங்களாகவே இருக்கும், ஃபோனில் படிப்பது சிரமம். அதனால் ஈபப் எனப்படும் மின்னூல் கோப்பு தரும் மற்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நாட்டுக்காக உயிர்நீத்தவர் என்று அரசு பதிவு செய்த எழுத்தாளர்களுக்குக் காப்புரிமை இன்னும் நீளும். 'குட்டி இளவரசன்' எழுதி 1944-இல் மறைந்த செந்த்-எக்சுபெரியின் நூல்கள் பல நாடுகளில் இலவசம், பிரான்சில் இன்னும் இல்லை.

படி 2: ஊர் நூலகத்தில் சேருங்கள். பல ஊர்களில் சந்தாவே கிடையாது. புதிய நாவலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பல நூலகங்கள் மின்னூலும் இரவல் தருகின்றன. தவணை முடிந்ததும் கோப்பு தானாகவே பூட்டிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்க அலைய வேண்டாம். ஆனால் இந்த இரவல் நூல்கள் அமேசானின் கிண்டில் படிப்பு கருவியில் திறக்காது. கருவி வாங்கும் முன்பே நூலகத்தில் கேட்டுவிடுங்கள். அதுவரை ஃபோனோ டேப்லெட்டோ போதும்.

படி 3: வாங்கியே ஆக வேண்டும் என்றால் 'போஷ்' எனப்படும் சிறு பதிப்பு வரும்வரை பொறுங்கள். பெரிய பதிப்பு சுமார் 20 யூரோ என்றால் போஷ் பெரும்பாலும் அதில் பாதிக்கும் கீழே. அது வெளியானதும் மின்னூல் விலையும் வழக்கமாக இறங்கும். அதற்கு முன்னால் மின்னூல் மலிவாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

படி 4: பழைய புத்தகங்கள். விலைச் சட்டம் இவற்றுக்குப் பொருந்தாது. பாரிஸில் ழிபேர் கடைகளில் புதுசும் பழசும் ஒரே அலமாரியில் இருக்கும். அட்டையில் ஒட்டிய விலையைப் பாருங்கள். அப்புறம், புதுப் புத்தகத்தை இணையத்தில் 35 யூரோவுக்குக் குறைவாக ஆர்டர் செய்து வீட்டுக்கு வரவழைத்தால் குறைந்தது 3 யூரோ அனுப்புகூலி உண்டு. 2023 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. பக்கத்துப் புத்தகக் கடையில் சொல்லி வரவழைத்து நேரில் வாங்கிக்கொண்டால் அந்த 3 யூரோ மிச்சம்.