ரவுட்டருக்குப் பின்னால் ஓர் ஓபன்பிஎஸ்டி தீச்சுவர்

கல்லடியில் உள்ள எங்கள் கணினி வகுப்பறையில், இணைய நிறுவனம் தந்த ரவுட்டரை அகற்றாமல், இரண்டு வலையமைப்பு அட்டைகள் பொருத்திய பழைய கணினியொன்றில் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை நிறுவி, அக்கணினியைத் தீச்சுவராக, அதாவது வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவலாக, ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் இடையில் வைத்தோம். ரவுட்டரின் முகவரி 192.168.1.1 எனில், உட்புற அட்டைக்கு 192.168.2.1 போன்ற வேறு வலையமைப்பின் முகவரியைக் கொடுங்கள். இரு பக்கமும் ஒரே தொடராக இருந்ததால் நாங்கள் அரை நாளை இழந்தோம். பொதிகளை, அதாவது தரவுத் துண்டுகளை, ஓர் அட்டையிலிருந்து மற்றதற்குக் கடத்தும் ஐபி ஃபோர்வர்டிங் என்ற அமைப்பின் மதிப்பு இயல்பில் 0. அதனை 1 ஆக்குங்கள். ஓபன்பிஎஸ்டியின் தீச்சுவர் நிரலான பிஎஃப், கடைசியாகப் பொருந்தும் விதியையே ஏற்பதால், விதிக் கோப்பின் மேற்பகுதியில் அனைத்தையும் தடுத்துவிட்டு, உள்ளிருந்து தொடங்கும் இணைப்புகளை அதன் கீழே அனுமதித்து, வெளியேறும் பொதிகளின் உட்புற முகவரியை வெளிப்புற அட்டையின் முகவரியாக மாற்றும் விதியையும் எழுதுங்கள். ரவுட்டரின் வைஃபையை நிறுத்த மறவாதீர்கள். அதில் இணையும் கைபேசி தீச்சுவருக்கு வெளியிலேயே நிற்கும்.